ஆல்பர்ஸின் சதுரம் ஒளிர்கிறது, நாம் தீட்டியது ஏன் ஒளிர்வதில்லை?

கேள்வியின் சுருக்கம் இது. ஜோசஃப் ஆல்பர்ஸின் சதுர ஓவியங்களைப் பார்த்துவிட்டு ஒருவர் இரண்டடிக் கேன்வாஸில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அக்ரிலிக்கில் நான்கு சதுரங்களைத் தீட்டியிருக்கிறார். ஆல்பர்ஸின் படத்தில் உள்ளே விளக்கு எரிவதுபோல் இருக்கிறது, தன்னுடையது கேரம்போர்டு மாதிரித் தட்டையாகக் கிடக்கிறது என்கிறார். தவறு அளவிலா, பலகையிலா, வண்ணத்திலா, விளக்கிலா என்று கேட்கிறார்.

நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். ஆனால் பெரிய தவறு அவர் பட்டியலில் இல்லாத இடத்தில் இருக்கிறது: பக்கத்துப் பக்கத்து வண்ணங்களின் டோன் இடைவெளி. டோன் என்றால் ஒரு வண்ணம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பது. வெளிச்சம் பிறப்பது அங்கேதான். அளவு, பலகை, வண்ணம் தடவும் கத்தி, விளக்கு எல்லாம் அந்த வெளிச்சத்துக்கு இடைஞ்சல் வராமல் காவல் நிற்பவை. காவலில் ஓட்டை விழுந்தாலும் படம் செத்துப்போகும் என்பதால் ஒவ்வொன்றாகவே பார்ப்போம்.

முதலில் ஆள் யார் என்று இரண்டு வரி. ஆல்பர்ஸ் 1888இல் ஜெர்மனியின் போட்ராப் நகரில் பிறந்தவர். அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பதிலிருந்து தச்சு வேலை வரை தெரிந்த கைவினைஞர். மகன் 1920இல் வைமார் நகரில் இருந்த பௌஹௌஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, 1923 முதல் அங்கேயே பாடம் நடத்தினார். 1933இல் நாஜிகளின் நெருக்கடியில் பள்ளி மூடப்பட, மனைவி ஆனியுடன் அமெரிக்கா போய் வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரியிலும், 1950 முதல் யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். 'ஹோமேஜ் டு தி ஸ்கொயர்' (சதுரத்துக்கு மரியாதை) என்ற இந்தச் சதுரப் பட வரிசையைத் தொடங்கியதும் அந்த 1950இல்தான், 62 வயதில். 1976இல் இறக்கும்வரை இந்த ஒரே அமைப்பில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் செய்தார். சதுரத்தின் மேல் அவருக்குத் தனிப் பக்தி இருந்ததாக நினைக்க வேண்டாம். தன் வண்ணப் பித்தைப் பரிமாறுவதற்கு ஒரு தட்டு என்றுதான் அதைச் சொல்வார். தட்டு ஒவ்வொரு நாளும் மாறினால் சாப்பாட்டின் ருசியை ஒப்பிட முடியாது, அவ்வளவுதான் கணக்கு.

இனி அளவு. முழுப் பலகையை நீளத்தில் பத்து, அகலத்தில் பத்து என்று கட்டம் போடுங்கள். நான்கு சதுரங்களின் பக்கம் 10, 8, 6, 4 அலகு. ஒவ்வொரு சதுரமும் அடுத்ததற்கு விடும் ஓரம் கீழே அரை அலகு, இரு பக்கமும் ஒரு அலகு, மேலே ஒன்றரை அலகு. அதாவது கீழ், பக்கம், மேல் மூன்றும் 1:2:3. பலகை 60 செ.மீ. என்றால் அலகு 6 செ.மீ. இடது கீழ் மூலையிலிருந்து அளந்தால், 48 செ.மீ. சதுரம் வலப்பக்கம் 6, மேலே 3 தள்ளித் தொடங்கும். 36 செ.மீ. சதுரம் 12, 6இல். 24 செ.மீ. சதுரம் 18, 9இல். உள் சதுரத்துக்கு மேலே 27 செ.மீ. மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ கோடு நழுவியிருக்கிறது. 8, 6, 4 இவற்றில் ஏதாவது ஒரு சதுரத்தை எடுத்துவிட்டால் மூன்று சதுர அமைப்புகள் மூன்று கிடைக்கும். நான்கு சதுர அமைப்பையும் சேர்த்து, இந்த நான்கு சட்டகங்களுக்குள்தான் கால் நூற்றாண்டு வேலை நடந்தது.

இந்த 1:2:3இல் ஒரு சின்ன வித்தை ஒளிந்திருக்கிறது. நான்கு மூலைகளிலும் சதுரங்களின் முனைகளைச் சேர்த்து நூல் பிடித்துப் பாருங்கள். கீழ் மூலைக் கோடுகள் படுத்தாற்போல் போகும், மேல் மூலைக் கோடுகள் அதைவிடச் சரிவாக இறங்கும். நான்கும் போய்ச் சேரும் இடம் நட்டநடுக் கோட்டில், கீழிருந்து 15 செ.மீ. உயரத்தில், அதாவது பலகையின் சரியாகக் கால் உயரத்தில். மறைந்து நிற்கும் இந்தப் புள்ளியால்தான் கண் ஒரு சமயம் படத்தை நீண்ட நடைகூடமாகவும், மறு சமயம் தன்னை நோக்கித் துருத்தி வரும் பெட்டியாகவும் படிக்கிறது. எல்லா ஓரமும் சமமாக வைத்து நடுவில் சதுரம் போட்டால் கண் அந்த நடுவில் குத்தி நின்றுவிடும், துப்பாக்கி சுடும் குறிப்பலகை மாதிரி. உங்கள் படம் கேரம்போர்டாகத் தெரிந்ததற்கு இதுவும் காரணமா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அளவை முடிக்கும் முன் பரப்பளவையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து உள்ளே நான்கு வண்ணங்களுக்கும் கிடைக்கும் பங்கு 36, 28, 20, 16 விழுக்காடு. நடுச் சதுரம் எவ்வளவு ஆளுமையாகத் தெரிந்தாலும் இடத்தில் ஆறில் ஒரு பங்குதான். அடர்ந்த, கூச்சலான வண்ணத்தை நடுவில் வைத்தால் சுற்றியிருப்பவை தாங்கும். அதையே வெளிவட்டத்தில் வைத்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூச்சலாகி, உள்ளே இருப்பவை பேசுவது கேட்காது.

வெளிச்சத்தைப் பற்றிய ஆல்பர்ஸின் புத்தி கண்ணாடியில் உருவானது. வைமாரில் மாணவராக இருந்தபோது கையில் காசு இல்லை. சுத்தியலும் முதுகுப்பையுமாக ஊர்க் குப்பைமேட்டுக்குப் போய் உடைந்த பாட்டில் துண்டுகளைப் பொறுக்கி, கம்பியாலும் ஈயத்தாலும் கோத்துப் படம் செய்தார். 1920களின் நடுவில் முறை மாறியது. வெள்ளைப் பால்கண்ணாடியின் மேல் மயிரிழைக் கனத்தில் சிவப்போ கறுப்போ உருக்கிப் படிய வைத்த கண்ணாடியை எடுத்துக்கொள்வார். அதன் மேல் தாள் ஒட்டி, வடிவத்தைக் கத்தியால் வெட்டி, திறந்த இடத்தில் மணலை வேகமாகப் பீய்ச்சி மேல்படலத்தை அரித்துவிடுவார். அரித்த இடத்தில் அடி வெள்ளை வெளிவரும், எல்லை கத்தி முனை மாதிரி நிற்கும். மூன்றாவது நிறம் வேண்டுமென்றால் கண்ணாடி வண்ணம் பூசிச் சூளையில் சுடுவார். அடியில் வெள்ளை, மேலே ஒரே ஒரு வண்ணப் படலம், கலப்பில்லாத எல்லை. பிறகு பலகைக்கு வந்தபோதும் இதே கட்டுமானம்தான், மணலுக்குப் பதில் கத்தி.

அவர் கேன்வாஸை விட்டு ஹார்ட்போர்டுக்குப் போனது சும்மா இல்லை. இழுத்துக் கட்டிய துணி கத்தியின் அழுத்தத்தில் அமுங்கும், நடுவில் குழியும், வண்ணம் ஓரிடத்தில் தடிமன், ஓரிடத்தில் மெலிவு என்று போகும். மேசோனைட் எனப்படும் அழுத்திய மரநார்ப் பலகை அசையாது. அதன் ஒரு முகம் வழவழப்பு, மறுமுகத்தில் தயாரிப்பின்போது பதிந்த வலைத்தடம் இருக்கும். ஆல்பர்ஸின் படங்களில் பல இந்தச் சொரசொரப்பு முகத்தில் தீட்டப்பட்டவை. கத்தி மேடுகளில் வண்ணத்தை விட்டுச் செல்லும், பள்ளங்களில் சில இடம் அடி வெள்ளை ஊசிமுனை அளவுக்கு எட்டிப் பார்க்கும். தூரத்தில் அது தனியாகத் தெரியாது, ஆனால் வண்ணம் மூச்சுவிடுவதுபோல் ஒரு தளர்வு வரும். தட்டையான எம்.டி.எஃப். பலகையில் அது கிடைக்காது.

பலகையைத் தயார்செய்யும்போது பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு ஒருபக்கம் மட்டும் பூசுவது. மரநார் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பூசாத பக்கம் உப்பி, பலகை வில்லாக வளையும். முன்பக்கம், பின்பக்கம், நான்கு வெட்டு ஓரங்கள் எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு கோட்டிங் அக்ரிலிக் சீலர் கொடுங்கள். ஓரம்தான் அதிகம் குடிக்கும், அங்கே இரண்டு முறை. 60 செ.மீ. பலகைக்கு 3 மி.மீ. கனம் என்றால் பின்னால் மர ரீப்பர் சட்டம் ஒட்டுவது நல்லது. 6 மி.மீ. என்றால் தேவைப்படாது. எண்ணெயில் ஊறவைத்துக் கடினமாக்கிய வகைப் பலகை கிடைத்தால், பூசுமுன் மெல்ல உப்புத்தாள் போட்டு ஸ்பிரிட்டால் துடையுங்கள், இல்லையென்றால் மேலே பூசப்போகும் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு உரியும்.

பிறகு வெள்ளை ஜெஸ்ஸோ. ஆல்பர்ஸின் பலகைகள் பலவற்றின் பின்புறத்தில் ஆறு கோட்டிங் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆறு என்றதும் கனமாக அப்பிவிட வேண்டாம். ஒவ்வொன்றும் பால்போல் மெலிதாக, ஒன்று கிடையாக, அடுத்தது நெடுக்காக, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. இரண்டு கோட்டிங்குக்கு ஒருமுறை 220 நம்பர் உப்புத்தாள் லேசாக. தூசி மூக்குக்குள் போகாமல் முகக்கவசம் போடுங்கள். அடி வெள்ளை ஒரே சீராக இல்லையென்றால், மேலே வரும் எண்ணெய் வண்ணத்தின் எண்ணெயை ஓரிடம் அதிகம் குடித்து, காய்ந்தபின் திட்டுத்திட்டாக மங்கும். ஒரு சதுரத்துக்குள் இரண்டு பளபளப்பு வந்துவிட்டால் அது ஒரு தளமாகத் தெரியாது. இரண்டு துண்டுத் துணி ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

வண்ணம் பூசும்போது பலகை சுவரில் சாய்ந்திருக்கக் கூடாது, மேசையில் மல்லாந்து கிடக்க வேண்டும். கூர்மையான கடின பென்சிலால் மெல்லக் கோடுகள். வேலை நடுச் சதுரத்தில் தொடங்கி வெளியே போகும். இதை அப்பாவிடம் கற்றதாக ஆல்பர்ஸ் சொல்வார். கதவுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஆள் நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்கு வந்தால் கை ஈர வண்ணத்தில் படாது, சட்டைக்கையும் பிழைக்கும். கருவி பேலட் கத்தி, தூரிகை கிடையாது. தூரிகை மயிர் போன திசை தெரியும், திசை தெரிந்தால் பார்ப்பவர் கையைப் பார்ப்பார், வண்ணத்தைப் பார்க்க மாட்டார்.

கத்திக்கு வளையும் அலகு வேண்டும், 5 முதல் 8 செ.மீ. நீளம், நேர் விளிம்பு. விளிம்பில் சீராக வண்ணம் எடுத்துப் பென்சில் கோட்டின் மேல் அலகைப் படியவைத்து, கோட்டிலிருந்து சதுரத்தின் உள்பக்கமாக இழுங்கள். நான்கு ஓரமும் இப்படி முடித்துவிட்டு நடுவை நிரப்புங்கள். எண்ணெயோ டர்பன்டைனோ சேர்க்க வேண்டாம், ட்யூபில் வந்த பதம் போதும். ரொட்டியில் வெண்ணெய் தடவும் அதே அழுத்தம். ஒரே பூச்சு, ஒரே தடவை. திரும்பத் திரும்பத் தடவினால் எண்ணெய் மேலே வந்து வரிவரியாக மினுங்கும். கனம் 0.2 மி.மீ. என்று கணக்கிட்டால் 60 செ.மீ. பலகைக்கு உள்ளிருந்து வெளியே ஏறக்குறைய 12, 15, 20, 26 மி.லி. வண்ணம் வேண்டும். சொரசொரப்பு முகத்தில் இன்னும் கொஞ்சம் இழுக்கும். 37 மி.லி. ட்யூப் ஒன்று வெளிவட்டத்துக்குப் போதும். பாதியில் தீர்ந்து வேறு ட்யூப் திறந்தால், அதே கம்பெனி, அதே பெயர் என்றாலும், வேறு தயாரிப்பு நாள் என்றால் சேர்மானம் காட்டிக்கொடுத்துவிடும்.

வண்ணங்களை அவர் கலப்பதில்லை. வெளிர் ரோஜா, வெளிர் நீலம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர ட்யூபிலிருந்து நேராகப் பலகைக்கு. காரணம் எளிது. கலந்த வண்ணத்தை இன்னொரு நாள் அப்படியே திரும்பச் செய்ய முடியாது, ஆகவே இரண்டு படங்களை ஒப்பிட முடியாது. அதற்குப் பதிலாக ஒரே பெயரில் வரும் வண்ணத்தைப் பல கம்பெனிகளிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு கம்பெனியின் மஞ்சள் ஓக்கர் என்ற மண் மஞ்சள் இன்னொன்றின் ஓக்கரைவிடச் சற்றுச் சிவந்திருக்கும், ஒன்று சற்றுக் கருத்திருக்கும். அந்தச் 'சற்று'தான் அவருக்கு வேண்டிய பொருள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மூன்று வண்ணத் தாள்களை எடுங்கள்: அடர் சாம்பல், நடுத்தரச் சாம்பல், வெளிர் சாம்பல். ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரமாக வையுங்கள், அடர் வெளியே, வெளிர் உள்ளே. நடுத்தரச் சாம்பல் வளையத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். அடர் சாம்பலைத் தொடும் வெளி விளிம்பில் அது வெளுத்துத் தெரியும், வெளிர் சாம்பலைத் தொடும் உள் விளிம்பில் கருத்துத் தெரியும். தாள் முழுக்க ஒரே நிறம், கத்தரித்து நீங்களே வைத்தது. ஆனால் கண் அதில் ஒரு சரிவைப் பார்க்கிறது, உருண்ட தூணில் வெளிச்சம் விழுந்தாற்போல. விழித்திரையில் அருகருகே உள்ள நரம்பணுக்கள் ஒன்றையொன்று அடக்குவதால் எல்லைகளில் வேறுபாடு மிகைப்பட்டுத் தெரிகிறது. ஆல்பர்ஸின் சதுரத்துக்குள் எரியும் விளக்கு இதுதான். வண்ணத்துக்குள் வெளிச்சம் கிடையாது, இரண்டு வண்ணங்களுக்கு நடுவே உங்கள் கண் அதை உண்டாக்குகிறது.

இந்தச் சரிவு எப்போது வரும், எப்போது வராது என்பதுதான் தொழில். நடு வளையத்தின் டோன் இரண்டு பக்கத்தவருக்கும் சரிபாதி இடைவெளியில் இருந்தால் நன்றாக வரும். ஒருபக்கம் சாய்ந்தால், சாய்ந்த பக்கத்து எல்லை மங்கி எதிர்ப்பக்கத்து எல்லை வெட்டி நிற்கும். இடைவெளி ரொம்பப் பெரிதானால், மஞ்சளுக்குப் பக்கத்தில் கறுப்பு மாதிரி, எல்லைக்கோடு அவ்வளவு உரக்கக் கத்தும், கண் அந்தக் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே உள்ள நுண்ணிய சரிவை விட்டுவிடும். வெட்டி ஒட்டிய காகிதம்தான் மிஞ்சும். உங்கள் படத்தில் நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். நான்கு அழகான வண்ணங்களைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள், நான்குக்கும் இடையே படிகள் ஒழுங்காக இருந்திருக்காது.

சரிபாதி என்பதிலும் ஒரு பொறி உண்டு. வெள்ளை வண்ணத்தில் ஒரு கரண்டி கறுப்பு, அடுத்ததில் இரண்டு, மூன்று, நான்கு என்று கூட்டிக்கொண்டே போனால் சீரான படி கிடைக்கும் என்று தோன்றும். கிடைக்காது. முதல் படி மாடி உயரம் இருக்கும், கடைசிப் படிகள் இருப்பதே தெரியாது. கண் கூட்டலைப் படியாக உணர்வதில்லை, பெருக்கலைத்தான் உணர்கிறது. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று போட்டால்தான் ஏறத்தாழச் சமப் படிகளாகத் தெரியும். வெபர், ஃபெக்னர் என்ற இரண்டு ஜெர்மானியர் பெயரால் வழங்கும் விதி இது. ஆல்பர்ஸ் இதை மாணவர்களுக்குப் பயிற்சியாகவே வைத்தார்.

இரண்டு வெவ்வேறு நிறங்களில் எது வெளிர், எது அடர் என்று சொல்வது நினைப்பதைவிடக் கடினம். ஆல்பர்ஸ் சொல்லித்தந்த சோதனை ஒன்று. ஒரு தாளின் பாதியை இன்னொரு தாளால் மூடி, மூடிய இடத்தை அரை நிமிடம் கண் அசையாமல் பாருங்கள். பிறகு மேல்தாளைச் சட்டென்று எடுங்கள். அடியில் வெளிப்பட்ட பகுதி மற்றப் பாதியைவிடக் கருத்துத் தெரிந்தால் மேல்தாள் வெளிர், வெளுத்துத் தெரிந்தால் மேல்தாள் அடர். கண் களைத்த இடம் பொய் சொல்லாது. கைபேசியில் கறுப்புவெள்ளைப் படம் எடுத்துப் பார்ப்பதும் உதவும். ஆனால் அதை முடிந்த தீர்ப்பாக எடுக்க வேண்டாம், கேமரா அடர் பகுதிகளை இன்னும் அடர்த்தியாக்கிவிடும் பழக்கம் உள்ளது. கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும் கேமராவும் ஒத்துப்போனால் நம்பலாம்.

நிறத்தை மாற்றி, டோனைச் சமமாக வைத்தால் வேறொன்று நடக்கும். எல்லை கரையும். ஒரு மங்கிய பச்சையும் மங்கிய சாம்பலும் ஒரே டோனில் தொட்டுக்கொண்டால் எங்கே ஒன்று முடிகிறது என்று கண் தேடும். வெளிர் மாலையில் தொடுவானம் மாதிரி. ஆனால் இரண்டும் பளிச்சென்ற எதிர் நிறங்களாக, சிவப்பும் நீலப்பச்சையும்போல், இருந்துவிட்டால் எல்லை கரையாமல் துடிக்கும், கண் வலிக்கும். விளம்பரப் பலகைக்கு அது நல்லது. ஒளி வேண்டுமானால் அதைத் தொடாமல் விடுங்கள்.

தொடக்கத்துக்கு ஒரு சேர்க்கை சொல்கிறேன். நடுவில் வெளிர் கேட்மியம் மஞ்சள், அடுத்து அடர் கேட்மியம் மஞ்சள், அடுத்து மஞ்சள் ஓக்கர், வெளியே ஓக்கரைவிட ஒரு படி அடர்ந்த சாம்பல். நான்கும் ஒரே திசையில் இறங்குவதால் தவறு செய்யக் கடினம். இது நன்றாக வந்தபின் ஓக்கரை எடுத்துவிட்டு, அதே டோனில் ஒரு பச்சைச் சாம்பல் வையுங்கள். மஞ்சள் நகராமலே வேறாகத் தெரியும். கேட்மியம் வண்ணங்கள் காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி நஞ்சு.

மாஸ்கிங் டேப் விஷயம். டேப்பை உரித்ததும் விளிம்பில் வண்ணம் ஒரு சின்ன வரப்பாக எழும்பி நிற்கும். விரலால் தடவினால் தெரியும். அந்த வரப்பு பக்கவாட்டு விளக்கில் ஒரு நிழற்கோடு போடும், எல்லையில் நடக்க வேண்டிய கண்ணின் வேலையை அந்தக் கறுப்புக் கோடு அடைத்துவிடும். ஆல்பர்ஸின் படத்தை ஒரு அடி தூரத்தில் பார்த்தால் கத்தி கோடுவரை வந்து நின்ற தடம் தெரியும், சில இடத்தில் மயிரிழை வெள்ளை தெரியும், அச்சு மாதிரி நேராக இருக்காது. ஒரு வண்ணம் இன்னொன்றின் மேல் ஏறவும் இல்லை, பக்கத்தில் வந்து நிற்கிறது. கைக்குப் பழக்கம் வரும்வரை டேப் வேண்டுமென்றால், வண்ணம் ஈரமாக இருக்கும்போதே, 45 பாகை சாய்த்து மெதுவாக உரித்து, வரப்பைக் கத்தியின் நுனியால் உள்பக்கம் அழுத்திவிடுங்கள்.

அக்ரிலிக் பயன்படுத்துவதில் தவறில்லை. இரண்டு எச்சரிக்கை மட்டும். ஈரத்தில் பசை பால்போல் வெண்மையாக இருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும், ஆகவே வண்ணம் ஒரு படி அடரும். ஈரத்தில் டோன் பொருத்தாதீர்கள். ஒரு தாளில் தடவிக் காயவைத்து, அந்தத் தாளைப் பலகையில் பிடித்துப் பாருங்கள். இரண்டாவது, ஒவ்வொரு வண்ணமும் வெவ்வேறு பளபளப்பில் காயும். முடிவில் ஒரே மேட் வார்னிஷ் முழுப் பலகைக்கும் கொடுத்துச் சமப்படுத்துங்கள். எண்ணெய் வண்ணமானால் அம்பர் போன்ற மண் நிறங்கள் ஓரிரு நாளில் தொடத்தக்கதாகக் காயும், கேட்மியம் ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.

விளக்கைப் பற்றி ஓவியர்கள் வழக்கமாகச் சொல்வது வடக்கு ஜன்னல். ஆல்பர்ஸ் அதைத் தேடவில்லை. மேசைகளுக்கு மேல் ஃப்ளோரசன்ட் ட்யூப்கள், மஞ்சள் சாய்ந்த வெப்ப ட்யூபும் நீலம் சாய்ந்த குளிர் ட்யூபும் கலந்து மாட்டியிருந்தார், ஒரு மேசையில் ஒரு வரிசை, இன்னொன்றில் வேறு வரிசை. படத்தை ஒரு மேசையிலிருந்து மற்றதற்கு மாற்றிப் பார்ப்பார். படம் போகும் வீட்டில் எந்த விளக்கு இருக்கும் என்று தீட்டுபவருக்குத் தெரியாது, ஆகவே இரண்டிலும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு விளக்கில் ஒரே டோனாகத் தெரியும் இரண்டு வண்ணங்கள் இன்னொரு விளக்கில் பிரிந்துவிடுவது சாதாரணம், வேதிப்பொருள் வேறு என்பதால். உங்களுக்கு மஞ்சள் சாய்ந்த 2700 கெல்வின் எல்.இ.டி. ஒன்றும் நீலம் சாய்ந்த 6500 கெல்வின் ஒன்றும் போதும், விளக்கு நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் சி.ஆர்.ஐ. எண் இரண்டிலும் 90க்கு மேல் இருக்கட்டும். மலிவான எல்.இ.டி. சிவப்பைச் சாப்பிட்டுவிடும், ஓக்கர் களிமண்ணாகத் தெரியும்.

விளக்கின் நிறம் மட்டுமல்ல, அளவும் மாற்றிப் பாருங்கள். அந்தி மங்கும்போது சிவப்புகள் முதலில் கருகும், நீலங்களும் பச்சைகளும் வெளுக்கும். நண்பகலில் சரியாக இருந்த டோன் படிகள் மாலையில் தலைகீழாகப் புரளும் படமும் உண்டு. சுவரில் மாட்டும்போது விளக்கு மேலிருந்து 30 பாகைச் சாய்வில் விழட்டும். பக்கவாட்டில் உரசினாற்போல் விழுந்தால் வலைத்தடமும் கத்தித்தடமும் நிழல் போட்டு, படம் சுண்ணாம்புச் சுவராகிவிடும்.

வெளிச்சத்தைப் பொருளுக்குள்ளேயே வைக்கும் வழியும் இருக்கிறது. கலிஃபோர்னிய ஓவியர் மேரி கோர்ஸ் 1968 முதல், சாலைக் கோடுகளில் பயன்படுத்தும் நுண் கண்ணாடி மணிகளை வெள்ளை அக்ரிலிக்கில் சேர்த்துத் தீட்டினார். மணி வெளிச்சத்தை வந்த வழியே திருப்பியனுப்பும், பார்ப்பவர் நடக்க நடக்கப் பட்டைகள் தோன்றி மறையும். அருமையான வேலை, ஆனால் உங்கள் கேள்விக்கு விடை அதில் இல்லை. மணியைத் தூவினால் ஆல்பர்ஸின் ஒளி வராது, மினுமினுப்பு வரும்.

கடைசியாகப் பலகையின் பின்புறம். ஆல்பர்ஸ் அங்கே சின்ன எழுத்தில், நடுச் சதுரத்திலிருந்து வெளியே வரிசையாக, ஒவ்வொரு வண்ணத்தின் பெயரையும் கம்பெனியையும், அடிப்பூச்சையும் வார்னிஷையும் எழுதிவைப்பார். பழுதுபார்ப்பவர்களுக்கு இன்று அது பொக்கிஷம். உங்களுக்கு அதைவிட உடனடிப் பயன் உண்டு. அடுத்த வேலையாக 30 செ.மீ. பலகை மூன்று தயாரியுங்கள், அலகு 3 செ.மீ. நடு, நடுவை அடுத்த வளையம், வெளி மூன்று வண்ணங்களும் மூன்று பலகையிலும் ஒரே ட்யூபிலிருந்து. வெளியிலிருந்து இரண்டாவது வளையம் மட்டும் ஒன்றில் ஓக்கர், ஒன்றில் பச்சைச் சாம்பல், ஒன்றில் சியன்னா என்ற மண் பழுப்பு. பின்னால் எழுதிவிட்டு, ஒரு கைப்பிடி இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டுங்கள். மூன்று நடுச் சதுரங்களும் ஒரே மஞ்சள் என்று பின்புறம் சொல்லும், முன்புறம் ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொண்டுவிட்டால் வளையத்தின் டோன் தவறு. நான்காவது பலகையை எடுத்துக்கொள்ளுங்கள்.